மாணவர்க்குத் துணைநின்ற சான்றோர்



திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. பள்ளியில் நீங்கள் அதனைப் படித்திருப்பீர்கள். தேர்வுக்காக மனப்பாடமும் செய்திருப்பீர்கள். அறிவாலும் ஒழுக்கத்தாலும் மூத்தவர்களைத் தேடிச் சென்று துணையாகக் கொள்ளுதல் என்பது அதன் பொருள். வள்ளுவர் அதனை அரசனுக்குரிய இயலிலே வைத்தார். நாடாளும் மன்னனுக்கே அத்துணை வேண்டும் என்றால், பதினேழு பதினெட்டு வயதிலே, இன்ன வழி செல்வது என்று அறியாமல் கல்லூரி வாயிலில் நிற்கும் இளைஞனுக்கு அது எத்துணை வேண்டும்!

துணையாகக் கொள்ளத்தக்க பெரியார் எப்படி இருப்பார்? நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நல்லாசிரியனுக்கு நான்கு பொருள்களை உவமையாக்கினார். நிலம், மலை, துலாக்கோல், மலர் என்பவை அவை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற நாளில் இந்நான்கினையும் பிழையின்றி எழுதி நல்ல மதிப்பெண் பெற்றேன். ஆயினும் அவற்றின் பொருளை நான் உணர்ந்தது ஓய்வு பெற்ற பின்னரே. கடல் கடந்த நாடு ஒன்றில் வாழ்ந்த ஒரு சமயப் போதகரின் வரலாறு அதனை எனக்கு உணர்த்தியது. அவர் பெயர் பெஞ்சமின் எலைஜா மேஸ். அமெரிக்காவிலே, அட்லாண்டா நகரத்து மோர்ஹவுஸ் கல்லூரிக்கு 27 ஆண்டுகள் தலைவராக இருந்தவர். மார்ட்டின் லூதர் கிங்கின் ஆசான் என்று உலகம் அவரை அறியும். அவரைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

மேஸ் 1894ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தார். பிறந்த சிற்றூருக்கு அருகிலுள்ள நகரத்தின் பெயர் 'தொண்ணூற்றாறு' என்பது. எண்ணே ஊருக்குப் பெயராகி நின்ற விந்தை அது. பெற்றோர்க்குப் பிறந்த எட்டு மக்களுள் இவரே கடைசி. தாயும் தந்தையும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. எனினும் கறுப்பின மக்களின் கையில் நிலம் இல்லை. பிறர் நிலத்தில் பருத்தி பயிரிட்டுப் பிழைக்கும் குடியானவர்களாகவே பலரும் இருந்தனர். மேஸின் தந்தையும் அத்தகையவரே. தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது.

குழந்தைப் பருவத்தின் முதல் நினைவு எது என்று கேட்டால், நம்மில் ஒருவர் பாட்டியின் மடியைச் சொல்வார். மற்றொருவர் திருவிழாத் தேரைச் சொல்வார். மேஸின் முதல் நினைவு வேறு. 1898ஆம் ஆண்டு நவம்பரில் அவர் வாழ்ந்த வட்டாரத்தில், தேர்தலை ஒட்டி ஒரு கலவரம் மூண்டது. வாக்களிக்க முனைந்த கறுப்பின மக்கள் வேட்டையாடப்பட்டனர்; பலர் கொல்லப்பட்டனர். துப்பாக்கி ஏந்திய வெள்ளையர் குதிரைகளில் வந்து மேஸின் தந்தையை மறித்தனர். வைதனர், தொப்பியைக் கழற்றச் செய்தனர், மீண்டும் மீண்டும் தலைதாழ்ந்து வணங்கச் செய்தனர். நான்கு வயதுச் சிறுவன் அருகே நின்று அதனைக் கண்டான். தன் தந்தை தலை குனிந்ததைக் கண்ட பிள்ளையின் உள்ளம் இரண்டில் ஒரு வழியே செல்லும். தானும் குனியக் கற்றுக்கொள்ளும். அல்லது இனி எவரும் குனியலாகாது என்று உறுதி கொள்ளும். மேஸின் உள்ளம் இரண்டாம் வழியிலே சென்றது.

பள்ளிக்குச் செல்லுமுன்பே மூத்த அக்காள் அவருக்கு நெடுங்கணக்கையும் நூறு வரை எண்ணவும் கற்றுக் கொடுத்துவிட்டார். ஒன்பதாம் வயதில் ஊர்த் தேவாலயத்தில் ஒரு பகுதியை மனப்பாடமாகச் சொன்னபோது கூடியிருந்தோர் கை தட்டி ஆரவாரித்தனர். இந்தப் பிள்ளை மேலே வருவான் என்று எழுத்தறியாத பெரியவர்கள் வாழ்த்தினர். பிள்ளைக்கு அந்தச் சொல்லே முதலாயிற்று. ஆனால் பள்ளியோ ஆண்டில் நான்கு மாதமே நடக்கும். நவம்பரில் திறந்து பிப்ரவரியில் மூடிவிடுவர். மற்ற எட்டு மாதமும் பிள்ளைகள் பருத்திக் காட்டிலே உழைக்க வேண்டும். பத்தொன்பது வயது வரையில் ஓராண்டிலேனும் நான்கு மாதத்திற்கு மேல் அவர் பள்ளியில் இருந்ததில்லை.

மகன் மேற்கொண்டு படிப்பதைத் தந்தை விரும்பவில்லை. உழவனுக்கும் போதகனுக்கும் இவ்வளவு படிப்பு எதற்கு என்பது அவர் எண்ணம். தாயோ மகனுக்காக இறைவனை வேண்டிக்கொண்டே இருந்தார். மகனும் உழவு வேலை முடிந்தபின் நிலவொளியில் வயலின் ஓரத்தே மண்டியிட்டுக் கல்வி வேண்டும் என்று தொழுவாராம். 1911இல் ஆரஞ்ச்பர்க் நகரத்துக் கல்லூரியைச் சார்ந்த உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பிப்ரவரி முடிந்ததும் உழவுக்குத் திரும்பி வா என்பது தந்தையின் கட்டளை. ஒருமுறை அவர் திரும்பவில்லை, பள்ளியிலேயே தங்கிவிட்டார். செலவுக்குப் பணம் வேண்டுமே! நள்ளிரவில் கழிப்பிடங்களைத் தூய்மை செய்யும் வேலையை ஏற்றுக்கொண்டார். கணிதப் பேராசிரியர் நிக்ஸ் என்பவர் அவருக்கு ஊக்கமூட்டினார். 1916இல் தம் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்திரண்டு.

இவ்விடத்தில் என் சொந்த நினைவு ஒன்றினைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. கரிசல் காட்டு ஊர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியப் பொறுப்பேற்ற புதிது. பங்குனி மாதம், பருத்தி எடுப்புக் காலம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை என் அறைக்கு வந்து, பையனுக்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்றார். முழுஆண்டுத் தேர்வுக்கு இருபது நாளே இருந்தது. பையன் கணக்கில் வல்லவன். "எழுத்தர் எழுதித் தருவார், வாங்கிக்கொள்ளுங்கள்" என்றேன். நீங்கும் காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதியிருந்தது. கையொப்பமிட்டேன். ஐந்து நிமிடமும் ஆகவில்லை. பையன் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றிருந்தான். நான் அவனை உள்ளே அழைக்கவில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விதிப்படி நான் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. பல ஆண்டுகள் கழித்துப் பருத்திக் கிட்டங்கி ஒன்றின் வாயிலில் அவனைக் கண்டேன். தலையில் இருந்த சும்மாட்டை எடுத்துவிட்டு, "ஐயா, நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டான். அவன் முகத்தில் குறை ஒன்றும் இல்லை. அந்தக் கனிவே என்னை இன்றும் உறுத்துகிறது.

மேஸின் வரலாற்றை நான் படிக்கும்போதெல்லாம் அந்த வேப்ப மரம் என் கண்முன் வந்து நிற்கும். பருத்திக் காடு ஒன்றே. அழைத்துப் போக வந்த தந்தையும் ஒருவரே. இடையே நின்று, 'இவன் படிக்கட்டும்' என்று சொல்லும் ஒரு குரல் இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு.

மேஸின் கதைக்குத் திரும்புவோம். வெள்ளையர்க்கு நிகராகக் கறுப்பர் அறிவுத்துறையில் போட்டியிட இயலாது என்பது அக்காலத்தில் தென்மாநிலங்களில் நிலவிய கொள்கை. இதனைத் தாமே சோதித்துப் பார்க்க மேஸ் விரும்பினார். வர்ஜீனியாவில் ஓராண்டு பயின்றபின், 1917இல் வடகோடியிலுள்ள மெய்ன் மாநிலத்து பேட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். வெள்ளை மாணவரோடு ஒரே வகுப்பில் அமர்ந்தார். பேச்சுப் போட்டியிலும் வாதப் போரிலும் பங்கு கொண்டார். விடுமுறைகளில் இரயிலின் படுக்கைப் பெட்டிகளில் ஏவலராகப் பணி செய்து பொருள் ஈட்டினார். 1920இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். பிறப்பால் தாழ்ந்தவர் என்ற பொய் அன்றோடு அவர் மனத்திலிருந்து வேரற்றது. பின்பு சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1925இல் முதுகலைப் பட்டமும், 1935இல் முனைவர் பட்டமும் பெற்றார். அப்போது வயது நாற்பதைக் கடந்துவிட்டது. இடையிடையே வேலை செய்து, பொருள் சேர்த்து, மீண்டும் படிக்கச் சென்றதனால் நேர்ந்த காலத்தாழ்வு அது. தேர்வில் ஓராண்டு தவறிவிட்டால் வாழ்வே போயிற்று என்று வருந்தும் மாணவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1921 முதல் 1924 வரை அவர் அட்லாண்டாவில் இரு பணிகளைச் செய்தார். மோர்ஹவுஸ் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். அதே காலத்தில் ஒரு பாப்டிஸ்டுத் தேவாலயத்தின் போதகராகவும் விளங்கினார். இவ்விரு பணிகளும் அவருக்கு இரண்டாகத் தோன்றவில்லை. தேவாலயத்தில் மக்களுக்குச் சொன்னதையே வகுப்பறையில் வாழ்ந்து காட்டினார். அக்காலத்தில் அவரிடம் பயின்றவர் ஹோவர்டு தர்மன். தர்மனும் பின்னாளில் புகழ்பெற்ற சமயப் போதகரானார். 1936இல் இந்தியாவுக்கு வந்து காந்தியடிகளைக் கண்டு உரையாடினார். மாணவர் முன்னே சென்ற வழியில் ஆசிரியர் பின்னே வந்தார். மேஸ் அப்போது வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சமயக் கல்வித் துறையின் தலைவராக இருந்தார். 1937 ஜனவரியில் மைசூரில் கூடிய இளைஞர் கிறித்தவ சங்க உலக மாநாட்டுக்கு வந்த அவர், அப்பயணத்திலேயே வார்தாவுக்கும் சென்று காந்தியடிகளோடு ஒன்றரை மணி நேரம் பேசினார். அகிம்சை என்பது செயலற்ற பொறுமையா, செயல் நிறைந்த ஆற்றலா என்பது அவர் எழுப்பிய வினாக்களுள் முதன்மையானது. அது வலியோரின் செயலாற்றல் என்ற தெளிவைப் பெற்றுத் திரும்பினார். தீண்டாமையை எதிர்க்கும் அடிகள் சாதி முறையையே ஏன் எதிர்க்கவில்லை என்றும் கேட்டார். பெரியோரைக் காணச் செல்பவர் வணங்கிவிட்டு மட்டும் திரும்ப வேண்டியதில்லை. ஐயத்தைக் கேட்கவும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

மைசூர்ப் பயணத்தில் நிகழ்ந்த மற்றொன்று ஆசிரியனாகிய என் உள்ளத்தை மிகவும் தொட்டது. தீண்டத்தகாதவர் என்று சமூகம் ஒதுக்கிவைத்த மக்களின் பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்று அங்கே இருந்தது. அதன் தலைமையாசிரியர் மேஸை அழைத்துச் சென்றார். பிள்ளைகளிடம் அவரை அறிமுகம் செய்கையில், இவரும் உங்களைப் போலத் தீண்டத்தகாதவரே, இவர் நாட்டில் வெள்ளையர் இவரை அவ்வாறே நடத்துகின்றனர், இருந்தும் இவ்வளவு உயர்ந்திருக்கிறார் என்ற கருத்தில் பேசினார். மேஸ் திடுக்கிட்டார், சினமும் கொண்டார். ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர், பல்கலைக்கழகத் துறையின் தலைவர், தம்மை இவ்வாறு அழைப்பதா என்று எண்ணினார். ஆனால் சிறிது நேரத்தில் அச்சினம் அடங்கியது. தம் நாட்டிலே தாம் இருக்கும் நிலை உண்மையில் இதுவே என்று உணர்ந்தார். அந்தக் கிராமத்துப் பிள்ளைகளும் தாமும் ஒரே துன்பத்தின் பங்காளிகள் என்று அறிந்தார். அறிஞருக்கே பாடம் சொன்ன அந்தத் தலைமையாசிரியரை நான் மனத்தால் வணங்குகிறேன். 1959இல் இந்தியாவுக்கு வந்த மார்ட்டின் லூதர் கிங், திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில் தமக்கும் இதனை ஒத்த அறிமுகம் நேர்ந்ததாக 1965இல் ஆற்றிய உரை ஒன்றில் கூறினார். ஆசானுக்குக் கிடைத்த பாடம் மாணவரின் வாயிலும் ஒலித்தது.

1940ஆம் ஆண்டு மேஸ் மோர்ஹவுஸ் கல்லூரியின் தலைவரானார். கறுப்பின ஆடவர்க்கென 1867இல் தோன்றிய கல்லூரி அது. அவர் வந்தபோது அதன் பொருள் நிலை தாழ்ந்திருந்தது. கட்டணம் செலுத்தாத மாணவரை அவர் கண்டிப்புடன் கேட்டு வாங்கவே, மாணவர்கள் அவருக்குப் 'பக் பென்னி' என்று பட்டப்பெயர் சூட்டிவிட்டார்கள். 'பக்' என்பது அந்நாட்டுக் கொச்சை வழக்கில் ஒரு டாலர் பணத்தைக் குறிக்கும். பட்டப்பெயர் பெறாத தலைமையாசிரியர் எந்நாட்டிலும் இல்லை என்று அறிந்து எனக்கும் ஆறுதல் உண்டாயிற்று!

அடுத்து இரண்டாம் உலகப் போர் வந்தது. இளைஞர் படைக்குச் சென்றனர், வகுப்பறைகள் வெறுமையாயின. கல்லூரியை மூடலாமா என்ற பேச்சுக்கூட எழக்கூடிய காலம். அப்போது உயர்நிலைப் பள்ளியை முழுதும் முடிக்காத திறமையுள்ள சிறுவர்களையும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அவ்வழியே 1944இல் பதினைந்து வயதுச் சிறுவனாக உள்ளே வந்தவர்தாம் மார்ட்டின் லூதர் கிங். மழையற்ற காலத்திலும் வளம் தருவது மலை என்று நன்னூல் சொல்லும் உவமையின் பொருள் இங்கே விளங்குகிறது அன்றோ?

மேஸ் மாணவர்களை உருவாக்கிய முறை யாது? செவ்வாய்க்கிழமை தோறும் காலையில் கல்லூரி வழிபாட்டுக் கூடத்தில் மாணவர் அனைவரும் கூடுவர். அங்கே மேஸ் பேசுவார். சமயச் சடங்குகளைப் பற்றியன்று. வாழ்வைப் பற்றி, நாட்டைப் பற்றி, நேர்மையைப் பற்றிப் பேசுவார். அக்காலத்து அட்லாண்டாவில் கறுப்பர்க்கு வண்டியில் பின்னிருக்கை. நாடகக் கொட்டகையில் பின்வாயில் வழியே ஏறும் மேல்மாடம். உணவு விடுதிகளில் இடமே இல்லை. கல்லூரி வாயிலைத் தாண்டினால் நகரம் முழுதும் நீ தாழ்ந்தவன் என்றே அந்த இளைஞரிடம் கூறிக்கொண்டிருந்தது. இதற்கு மறுமொழியாகச் செவ்வாய்க்கிழமைக் குரல் ஒன்று ஒலித்தது. உடல் பின்னிருக்கையில் அமர நேர்ந்தாலும் உள்ளத்தை அங்கே அமரவிடாதீர் என்பதே அக்குரலின் சாரம். இழிவான வாயில் வழியே நுழைந்து காணும் நாடகம் வேண்டா என்று மாணவர்க்கு அறிவுறுத்தினார். எத்தொழிலை ஏற்றாலும் அதில் யாருக்கும் பின்னிடாத தரத்தை எட்டுக என்று வற்புறுத்தினார். உயர்ந்த நோக்கம் இல்லாமல் வாழ்வதைப் பெருங்கேடாகக் கருதினார்.

பேச்சு முடிந்ததும் பிறர் கலைந்து போவர். சிறுவர் கிங் போக மாட்டார். தலைவரிடம் சென்று, பேச்சின் கருத்து ஒன்றினை ஏற்றோ மறுத்தோ வாதிடுவார். மேஸ் அதற்கு நேரம் ஒதுக்குவார். பல்லாண்டுத் தொடர்பு இவ்வாறே தொடங்கியது. மாணவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மேடைப் பேச்சு நூற்றுக்கணக்கானோர்க்கு உரியது. பேச்சுக்குப் பின் நின்று கேட்ட வினாவோ ஒருவருக்கே உரியது. துணைக்கோடல் என்பது அந்த இரண்டாவதிலேதான் பிறக்கிறது. பெரியவர் கதவைத் திறந்து வைக்கலாம். உள்ளே நுழைந்து வினாவ வேண்டியவர் மாணவரே.

கிங்கின் தந்தையும் போதகர், பாட்டனாரும் போதகர். ஆயினும் உணர்ச்சிப் பெருக்கான வழிபாட்டிலே அறிவுக்கு இடமுண்டோ என்று கிங் ஐயுற்றார். மருத்துவராகலாமா, வழக்கறிஞராகலாமா என்று தயங்கினார். போதகரும் ஆழ்ந்த கல்வியுடையவராக, இக்கால அறிவோடு இசைந்தவராக, சமூகநீதிக்குப் போராடுபவராக இருக்க முடியும் என்பதை மேஸிடத்திலும் பேராசிரியர் ஜார்ஜ் கெல்சியிடத்திலும் கண்டார். மேஸ் அவரைப் போதகராகுமாறு தூண்டவில்லை. போதகர் ஒருவர் எப்படி இருக்கலாம் என்பதைத் தாமே இருந்து காட்டினார்.

1948இல் கிங் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது மேஸ் பரிந்துரைக் கடிதம் எழுதினார். அதில் அவரை ஒப்பற்ற மேதை என்று புகழவில்லை. மதிப்பெண்கள் சிறப்பானவை அல்ல, ஆனால் நல்ல அறிவுடையவர், நன்கு படிக்கக்கூடியவர் என்று அளந்து எழுதினார். துலாக்கோல் என்பது இதுவே. அன்பு இருந்தது, ஆயினும் தட்டு சாயவில்லை. கிங் 1951இல் தம் சமயக் கல்லூரியில் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார். 1955இல் முனைவர் பட்டமும் பெற்றார். மோர்ஹவுஸில் பயின்று போதகராகி, ஹோவர்டு பல்கலைக்கழகத் தலைவராயிருந்த மொர்டிகை ஜான்சன் காந்தியடிகளைப் பற்றி ஆற்றிய உரையைக் கேட்டு, அடிகளைக் குறித்த நூல்களைத் தேடிப் படித்ததும் அக்காலத்திலேதான்.

இப்போது ஆசிரியரின் துணிவு சோதிக்கப்பட்ட ஒரு நாளைக் கூறுகிறேன். 1955 டிசம்பரில் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணிக்கத் தொடங்கினர். கிங் அதன் தலைவர். 1956 ஜனவரி 30 அன்று அவர் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. அடுத்த மாதம் ஏறத்தாழத் தொண்ணூறு பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது; கைது காத்திருந்தது. கிங் அப்போது வெளியூர் சென்று அட்லாண்டாவுக்கு வந்திருந்தார். மகனை மீண்டும் அந்த நகருக்கு அனுப்பத் தந்தைக்கு மனம் துணியவில்லை. நகரத்துப் பெரியோர் சிலரை வீட்டுக்கு அழைத்து, மகனுக்கு நல்லுரை கூறித் தடுக்குமாறு வேண்டினார். அவர்களுள் மேஸும் ஒருவர். போக வேண்டாம் என்ற கருத்தே அவையில் மிகுந்தது. நண்பர்கள் சிறை செல்லும்போது நான் இங்கே ஒளிந்திருப்பது கோழைத்தனம் என்ற கருத்தைக் கிங் சொல்லிவிட்டுத் தம் ஆசானை நோக்கினார். மேஸ் வாய் திறந்தார். மாணவரின் முடிவே சரியானது என்று உறுதியாக எடுத்துரைத்தார். அவையின் போக்கு மாறியது. கிங் திரும்பிச் சென்று கைதானார். அவ்வாண்டு டிசம்பரில், பேருந்துகளில் இருந்த இனப்பாகுபாடு நீங்கியது.

அந்த நொடியில் மேஸ் தாங்கிய சுமையை எண்ணிப் பாருங்கள். போ என்று சொல்வது எளிதன்று. போன பிள்ளை உயிரோடு திரும்பாமற் போகலாம். தந்தையின் கண்ணெதிரே அதனைச் சொல்ல வேண்டும். ஆனால் பதினைந்து வயதில் தம்மிடம் வந்தவருக்கு, தலை குனியாதே என்று செவ்வாய்க்கிழமை தோறும் சொன்னவர் அவர். சொன்னதன்படி அவர் நடக்க முற்படும்போது, அது மேடைப் பேச்சு, இது வேறு என்று பின்வாங்கினால் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். மாணவர் நம்மை நம்பித் துணிந்தால் அத்துணிவின் பங்கை நாமும் ஏற்க வேண்டும். ஆசிரியத் தொழிலின் கடினமான பகுதி அதுவே.

கிங் ஒருவர் மட்டுமல்லர். 1956இல் பட்டம் பெற்ற மேனர்டு ஜாக்சன் 1973இல் அட்லாண்டாவின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்நகரின் முதல் கறுப்பின மேயர் அவரே. மருத்துவர் லூயி சல்லிவன் 1989 முதல் 1993 வரை அமெரிக்க அரசின் மக்கள்நல அமைச்சராக இருந்தார். சாமுவேல் குக் கல்லூரித் தலைவராகத் தம் ஆசானின் பணியையே தொடர்ந்தார். ஜூலியன் பாண்டு 1960இல் மாணவர் போராட்டத்தில் முன்னின்று, பின்னர்ச் சட்டமன்றம் புகுந்தார். நிலம் தன்னை உழுபவன் முயற்சிக்கு ஏற்ப விளைவு தரும் என்பர். மேஸ் என்னும் நிலத்தில் அவரவர் தம் முயற்சிக்கேற்ற விளைவைப் பெற்றனர்.

1963 ஆகஸ்டு 28 அன்று வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கூடிய பேரணியில் கிங் உலகறிந்த தம் உரையை ஆற்றினார். அந்நிகழ்ச்சியின் நிறைவு வேண்டுதலை மேஸ் செய்தார். மாணவர் பேசினார், ஆசான் வாழ்த்தி முடித்தார். இருவருக்கும் இடையே ஓர் உடன்பாடு இருந்தது. யார் முன்னே மறைந்தாலும் மற்றவர் இறுதி உரை ஆற்ற வேண்டும் என்பதே அது. மேஸ் முப்பத்து நான்கு ஆண்டு மூத்தவர். முன்னே செல்பவர் தாமே என்று அவர் எண்ணியிருந்தது இயல்பு. ஆனால் 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 9 அன்று மோர்ஹவுஸ் கல்லூரி வளாகத்தில் பெருங்கூட்டத்தின் நடுவே, எழுபத்து மூன்று வயது மேஸ் எழுந்து தம் மாணவருக்கு இறுதி உரை ஆற்றினார். பெற்ற மகனை இழந்த தந்தையிடம் மகனைப் பற்றிப் பேசச் சொல்வது போன்றது இது என்ற கருத்துடன் தொடங்கினார். மேஸுக்கு மக்கட்பேறு இல்லை என்பதை அறிந்தோர்க்கு அச்சொல்லின் கனம் விளங்கும்.

1956இல் போ என்று சொன்ன வாய், 1968இல் அந்த உரையை ஆற்றியது. அன்று சொன்னதற்காக அவர் வருந்தியிருப்பாரா? அவருடைய பின்வாழ்வே விடை. 1967இலேயே கல்லூரிப் பணியினின்று ஓய்வு பெற்றிருந்தார். ஆனால் வீட்டில் அமரவில்லை. 1970இல் அட்லாண்டா நகரக் கல்விக் குழுவின் தலைவரானார். அப்பதவியேற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். 1981 வரை, எண்பத்தாறாம் வயது வரை, நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காக உழைத்தார். 1984 மார்ச்சு 28 அன்று மறைந்தார். அவருடைய கல்லறை இன்று மோர்ஹவுஸ் வளாகத்திலேயே இருக்கிறது. மாணவர் அதனைக் கடந்தே வகுப்புக்குச் செல்கின்றனர்.

மலர் என்ற நான்காவது உவமை எஞ்சி நிற்கிறது. மலரை எடுத்து நுகர யாருக்கும் தடையில்லை. அதன் மணமும் மென்மையும் அருகே வந்தவர் எவர்க்கும் உரியவை. பெரிய கல்லூரியின் தலைவர், பேச்சு முடிந்ததும், ஒரு சிறுவனின் மறுப்பைக் கேட்க நின்றாரே, அதுவே மலர்.

மாணவர்களே, உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் இத்தகையோர் இல்லாமல் இல்லை. அவர்கள் புகழ் பெற்றவராக இருக்க வேண்டுவதில்லை. உங்கள் குறையை மறைக்காமல் சொல்பவரா, தாம் சொன்னபடி தாமே நடப்பவரா, நீங்கள் சரியானதைச் செய்யும்போது உடன் நிற்பவரா என்று மட்டும் பாருங்கள். அவரிடம் சென்று உங்கள் வினாவைக் கேளுங்கள். அழைக்கட்டும் என்று வேப்ப மரத்தடியிலே காத்திருக்க வேண்டா. உள்ளே இருப்பவர், என்னைப் போல, எழுத்தரின் தாளையே பார்த்துக்கொண்டிருக்கவும் கூடும். கதவைத் தட்டுங்கள்.

இதனைக் கேட்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. சான்றிதழில் கையொப்பமிடுமுன் தலையை நிமிர்த்தி வெளியே பாருங்கள். அங்கே ஒரு பையன் நின்றுகொண்டிருக்கலாம்.